ஒரு வீட்டுக்கு ஒரு மோட்டார்

இந்த வீட்டில் ஒரே ஒரு மோட்டார்தான் ஓடும், அது நான்தான் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை தீர்மானம் நிறைவேற்றினேன். எதிர்த்து ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. கூட்டத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். இடம், குளியலறை.

வெளியே வந்து முறைப்படி அறிவிக்கலாம் என்று கதவைத் திறந்தேன். வாசலிலேயே என் மனைவி சக்கர நாற்காலியில் காத்திருந்தாள்.

"உள்ள யார்கிட்ட பேசிட்டு இருந்தீங்க?"

"யார்கிட்டயும் இல்லயே."

"சரி. பத்து மணிக்கு மோட்டார் நாற்காலி வருது. வாசல்ல இருக்கிற செருப்பையெல்லாம் எடுத்து ஓரமா வைங்க."

எடுத்து வைத்தேன். தீர்மானத்தையும் அதே ஓரத்தில் வைத்தேன்.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் முப்பத்துநான்கு வருடம் ஓர் எட்டு மாடி அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டினேன். அவள் அதே கட்டடத்தின் ஆறாவது மாடியில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தாள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, வருகிற அழைப்புகளையெல்லாம் உரிய அறைக்குத் திருப்பிவிடுகிற வேலை. எதிர்முனையில் இருப்பவர் ஹலோ சொல்வதற்கு முன் இழுக்கிற மூச்சை வைத்தே, வந்திருப்பது கோபமா, கடன் கேட்கிற ஆளா, சாவுச் செய்தியா என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட காதைக் கல்யாணம் செய்துகொண்டவன் நான். என் வீரத்தை நீங்கள் பாராட்ட வேண்டும்.

லிஃப்டில் நான் கதவைப் பார்த்து நிற்பேன். அவள் எனக்குப் பின்னால் நிற்பாள். இரண்டு வருடம் என் முதுகோடுதான் பேசினாள். என் முகத்தை நன்றாகப் பார்த்தது நிச்சயதார்த்தத்துக்குப் பிறகுதான். அதற்குள் காலம் கடந்துவிட்டிருந்தது.

ஏழு வருடங்களுக்கு முன் அவளுடைய முதுகுத்தண்டில் ஏதோ ஒரு நரம்பு நசுங்கியது. இரண்டு கால்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கின. இன்றுவரை பேச்சுவார்த்தைக்கு வரவில்லை. முதல் பதினொரு மாதம் அவள் வீட்டைவிட்டு வெளியே வரவேயில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைக்கூடத் திருப்ப மாட்டாள். பன்னிரண்டாவது மாதம் ஒரு சாயங்காலம், "காத்து வாங்கிட்டு வரலாமா?" என்று அவளே கேட்டாள். அன்றிலிருந்து தினமும் நான் தள்ள, அவள் போக, தெருமுனை நூலகம் வரை ஓர் ஊர்வலம். அவள் முன்னால் பார்த்துப் பேசுவாள். நான் அவளுடைய வகிட்டோடு பேசுவேன். அந்த வகிடு எந்த மாதம் எவ்வளவு நரைத்தது என்று என்னை எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இதில் ஒரு சங்கடம். கடைக்காரர்கள் எல்லாரும் அவளுடைய தலைக்கு மேலாக என்னிடம்தான் கேட்பார்கள். "அம்மாவுக்கு இப்ப தூக்கம் வருதா?" என்பார் மருந்துக்கடைக்காரர்.

"எனக்குக் கால்தான் போச்சு. காது போகல. என்னைக் கேளுங்க," என்பாள் கீழேயிருந்து.

நூலகத்திலிருந்து திரும்பி வந்தால் எங்கள் கட்டட வாசலில் ஒரு சரிவு. வீட்டுக்காரர் நான்கு படிகளின் மேல் சிமென்ட்டைக் கொட்டிச் செய்துகொடுத்தது. நல்ல மனம், செங்குத்தான கை. முன்பெல்லாம் அதில் ஒரே மூச்சில் ஏற்றிவிடுவேன். சமீப காலமாகப் பாதியில் நின்று, "அந்தக் காக்காவைப் பாரேன்," என்பேன். அவள் பார்ப்பாள். அங்கே காகம் இருக்க வேண்டிய அவசியமில்லை. எனக்கு மூச்சு திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான்.

ஆறு வாரங்களுக்கு முன், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு ஒரு மருத்துவரைப் பார்த்தேன். அவர் என் மார்பில் ஏதேதோ ஒட்டிப் பார்த்தார். இதயம் பழைய மோட்டார் மாதிரி, ஓடுகிறது, ஆனால் இழுக்கவில்லை என்றார். கனமாக எதையும் தூக்கக்கூடாது, தள்ளக்கூடாது, ஒரு மாதத்துக்குள் பெரிய சோதனைக்கு வர வேண்டும் என்று தாளில் எழுதி, 'தள்ளக்கூடாது' என்பதன் கீழ் இரண்டு கோடு போட்டார்.

அந்தத் தாளைக் கொண்டுவந்து, பீரோவின் மேல் தட்டில் இருக்கிற என் பழைய லிஃப்ட் சீருடைக் கோட்டின் பையில் வைத்தேன். எங்கள் வீட்டில் ரகசியத்துக்குப் பூட்டு வேண்டாம். நாலடிக்கு மேல் வைத்தால் போதும்.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். சொன்னால் அவள் அன்றே ஊர்வலத்தை நிறுத்திவிடுவாள். மறுபடியும் அந்தப் பதினொரு மாதம். அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு, அதை மெதுவாகத்தான் சொல்ல முடியும். தள்ளுவதற்கு அவள் இல்லையென்றால் என் இரண்டு கைகளை நான் எங்கே வைத்துக்கொள்வது?

ஆக, அந்த மோட்டார் நாற்காலி இந்த வீட்டில் தங்கக்கூடாது. அதுதான் தீர்மானத்தின் உள்ளர்த்தம்.

பத்து மணிக்கு வந்தது. கூடவே மறுவாழ்வு மையத்திலிருந்து ஒரு பயிற்சிக்காரப் பெண். ஒல்லியாக, கழுத்தில் விசில், கையில் அளவு நாடா. ஒரு வாரம் வைத்துப் பார்க்கலாம், அடுத்த செவ்வாய்க்கிழமை வந்து சோதிப்பேன், சரிவில் மூன்று முறை தனியாக ஏறி இறங்கினால் நாற்காலி உங்களுக்கு, இல்லையென்றால் காத்திருக்கிற அடுத்தவருக்கு என்றாள்.

அடுத்தவர் மேல் எனக்குத் திடீரென்று அளவுகடந்த அன்பு பிறந்தது.

"முதல்ல இதைக் காட்டறேன்," என்று பயிற்சிக்காரி ஒரு பொத்தானை அழுத்தினாள். என் மனைவி உட்கார்ந்தபடியே மேலே கிளம்பினாள். மெல்ல, சத்தமில்லாமல், குலுங்காமல். முப்பத்துநான்கு வருட அனுபவத்தில் சொல்கிறேன், அவ்வளவு நயமாக நான் யாரையும் மேலே கொண்டுபோனதில்லை. என் மார்பைத் தாண்டினாள். தோளுக்கு வந்தாள். கண்ணுக்கு நேராக வந்து நின்றாள்.

ஏழு வருடம் கழித்து, நின்றபடி நான் அவளை நேருக்கு நேர் பார்த்தேன். அவளுக்கு ஏதோ சொல்ல வேண்டும்போல் உதடு அசைந்தது.

"முன்னாடியும் நீங்க இவ்வளவு குள்ளமாத்தான் இருந்தீங்களா?" என்றாள்.

பயிற்சிக்காரி சிரித்தாள். "சீட்டை உயர்த்தறதெல்லாம் சமதரையில மட்டும்தாம்மா. சரிவுல உயர்த்தவே கூடாது, கவிழ்ந்துடும்."

பிறகு வாசலுக்குப் போனோம். பயிற்சிக்காரி அளவு நாடாவைப் பிடித்துச் சரிவை அளந்தாள். உச்சுக் கொட்டினாள். கொஞ்சம் செங்குத்துதான், ஆனால் இந்த நாற்காலி தாங்கும், பக்கவாட்டில் ஒரு கம்பி போடச் சொல்லுங்கள் என்றாள். கதவுக்கு வெளியே இருந்த சின்ன மேடையையும் காலால் தட்டிப் பார்த்தாள். மழைத் தண்ணீர் வழிவதற்காகக் கொத்தனார் அதில் லேசாக வாட்டம் விட்டிருந்தார். "இங்கயும் ஜாக்கிரதை. சமதரை மாதிரி தெரியும். ஆனா இல்ல."

நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை வருமா என்று ஒரு நப்பாசை.

"அம்மா, சரிவுக்குப் போறதுக்கு முன்னாடி பெல்ட் போட்டாச்சான்னு பாருங்க. வேகத்தை ஒண்ணுல வைங்க. நேரா ஏறணும், நேரா இறங்கணும், நடுவுல திரும்பவே கூடாது. ஏறும்போது முன்னாடி சாயுங்க. இறங்கும்போது நல்லா பின்னாடி சாஞ்சு உக்காருங்க."

"நடுவுல பயம் வந்தா?"

"இந்த ஓட்டற குச்சியிலேருந்து கையை எடுத்துடுங்க. தானா நின்னுடும்."

"விட்டா நிக்குமா?"

"விட்டாதாம்மா நிக்கும்."

என் மனைவி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "கேட்டீங்களா?"

எனக்கு எதற்கு அந்தப் பாடம் என்று புரியவில்லை.

பயிற்சிக்காரி நாற்காலியின் பின்னால் குனிந்தாள். தரைக்கு அருகில் ஒரு மஞ்சள் லிவர். "சார், இது உங்களுக்கு. இதைத் தூக்கினா மோட்டார் கழண்டுக்கும். எப்பவாவது பழுதாச்சுன்னா கையால தள்ளலாம். ஆனா..."

'தள்ளலாம்' என்ற சொல் என் காதில் தேனாகப் பாய்ந்தது. அவள் 'ஆனா' என்று ஏதோ தொடங்கினாள். 'ஆனா'வுக்குப் பிறகு வருவதைக் கேட்கிற பழக்கம் எனக்குக் கல்யாணமான நாளிலிருந்தே கிடையாது.

முதல் ஓட்டம். என் மனைவி கதவு நிலையை இடித்தாள். செருப்பு அலமாரியை இடித்தாள். என்னை இரண்டு முறை இடித்தாள், அதில் ஒன்று தற்செயல். சரிவில் பாதி இறங்கியதும் கீழே தெருவில் வண்டிகள் போவதைப் பார்த்து முகம் வெளுத்துக் கையை எடுத்துவிட்டாள். நாற்காலி நின்றது.

"பழைய நாற்காலிக்கே போயிடலாமா?" என்று குனிந்து கேட்டேன். என் குரலில் கருணை இருந்தது. கருணைக்குள் ஒரு குதூகலமும் இருந்தது. எனக்கே அது கேட்டது. அவளுக்குக் கேட்காமலா இருந்திருக்கும்?

"நாளைக்கும் பழகறேன்," என்றாள்.

புதன்கிழமை காலை என்னைச் சீப்பு வாங்கிவர அனுப்பினாள். திரும்பி வந்தால், அவள் சமையலறையில் உயரத்தில் உட்கார்ந்து மேல் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஏழு வருஷத் தூசிங்க. இதைத்தான் துடைச்சேன் துடைச்சேன்னு சொல்லிட்டு இருந்தீங்களா?" என்றாள். கண் சிவந்திருந்தது. தூசி என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து அவளிடம் மாற்றங்கள். சாப்பாட்டில் உப்பு குறைந்தது. கேட்டால், "அப்படியா?" என்றாள். மதியம் நான் தூங்கும்போது எழுப்புவதில்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனால், "இருக்கட்டும், மாடி வீட்டுக்காரர் தூக்கிட்டு வருவார்," என்றாள். இயந்திரம் வந்து நான்கு நாளில் புருஷனை மறந்துவிட்டாள், சமையலிலும் கவனம் போய்விட்டது என்று மனதில் குற்றப்பத்திரிகை எழுதிக்கொண்டே வந்தேன்.

அவளோ தேறிக்கொண்டே போனாள். வியாழக்கிழமை சரிவில் தனியாக இறங்கினாள். வெள்ளிக்கிழமை ஏறினாள். சனிக்கிழமை நூலகம் வரை அவளே ஓட்டினாள். நான் வழக்கம்போலப் பின்னால் போனேன். வழியில் மாடி வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் எதிரே வந்தார்.

"என்ன சார், காத்தைத் தள்ளிட்டுப் போறீங்க?"

அப்போதுதான் பார்த்தேன். என் இரண்டு கைகளும் இடுப்பளவில் முன்னால் நீண்டு, இல்லாத கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தன. கீழே இறக்கினேன். கொஞ்ச தூரத்தில் அவை தாமாகவே மறுபடி எழுந்தன.

"பின்னாடி ஏன் வர்றீங்க? பக்கத்துல வாங்க," என்றாள் மனைவி.

"பழக்கமாயிடுச்சு."

"வாங்கன்னா."

போனேன். அவள் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே தலையைத் திருப்பி என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "வெளிச்சத்துல வேற மாதிரி இருக்கீங்க," என்றாள்.

"எப்படி?"

"களைச்சுப் போய்."

எனக்குக் கோபம் வந்தது. நான்கு நாளாக ஒரு வேலையும் செய்யாதவனைப் பார்த்துக் களைப்பாம்!

செவ்வாய்க்கிழமை வந்தது. பத்து மணிக்குச் சோதனை. ஒன்பதே முக்காலுக்கே அவள் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, வாசல் மேடையில், தெருவைப் பார்த்தபடி தயாராகிவிட்டாள். பேட்டரி வீணாக வேண்டாம் என்று நாற்காலியை அணைத்திருந்தாள். நான் பின்னால் நின்றேன். என் திட்டம் எளிமையானது. மஞ்சள் லிவரைத் தூக்கிவிட வேண்டியது. பயிற்சிக்காரி வருவாள். குச்சியை அசைத்தால் வண்டி நகராது. "பழுதாயிடுச்சு போலிருக்கே!" என்று நான் வருத்தப்படுவேன். அப்புறம் அடுத்தவர் பாடு.

மோட்டாரைக் கழற்றினால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமில்லை. எத்தனை முறை மின்சாரம் போய் லிஃப்ட் நடுவில் நின்றிருக்கிறது! எத்தனை பேருக்குத் தைரியம் சொல்லியிருக்கிறேன்! "பயப்படாதீங்க, மோட்டார் நின்னா பிரேக் தானா பிடிச்சுக்கும்." முப்பத்துநான்கு வருடம் அது பொய்த்ததில்லை.

செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்தேன். தூக்கினேன்.

டக்.

ஒரு விநாடி ஒன்றுமில்லை. அப்புறம் பெரிய சக்கரம் ஒரு விரற்கடை நகர்ந்தது. கொத்தனார் விட்ட வாட்டம். அப்புறம் ஒரு சாண். நான் நிமிர்வதற்குள் முன் சக்கரங்கள் சரிவில் இறங்கிவிட்டன.

பாய்ந்து பின்பக்கக் கைப்பிடியைப் பிடித்தேன். பழைய நாற்காலி என் சொல்பேச்சுக் கேட்கும். இது பேட்டரியும் இரும்பும் என் மனைவியுமாக என்னைப்போல் இரண்டு பங்குக்கு மேல் கனம். என்னையும் இழுத்துக்கொண்டு போனது. செருப்பு வழுக்கியது. கீழே தெருவில் ஒரு வேன் ஹாரன் அடித்தபடி போனது. அவள் குச்சியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். விட்டாலும் நிற்கவில்லை. நான் அதன் பிரேக்கைக் கழற்றிவிட்டிருந்தேன்.

பாதிச் சரிவில் எப்படியோ தாங்கிப் பிடித்தேன். நெஞ்சுக்குள் யாரோ ஈரத் துணியைப் பிழிவதுபோல் இருந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. கையை எடுத்தால் அவள் தெருவில். எடுக்காவிட்டால் நான் இங்கேயே.

அவள் திரும்பவில்லை. கத்தவில்லை. இணைப்பகத்தில் பதறிப்போய்ப் பேசுகிறவர்களிடம் பேசுகிற அந்தக் குரல் வந்தது.

"விடாதீங்க. கேளுங்க. கையை எடுக்காதீங்க. இடது காலை ஊணிக்கோங்க. ஊணியாச்சா?"

"ம்..."

"வலது காலால அந்த லிவரைக் கீழ மிதிங்க. இன்னும் கொஞ்சம் உள்பக்கம். மிதிங்க."

டக்.

நாற்காலி வெடுக்கென்று நின்றது. பெல்ட் அவளைப் பிடித்துக்கொண்டது. நான் அப்படியே சரிவில் உட்கார்ந்துவிட்டேன்.

"மூச்சை மெதுவா விடுங்க. பேசாதீங்க," என்றாள். நாற்காலியை உயிர்ப்பித்து, பின்னால் சாய்ந்து, ஒன்றாம் வேகத்தில், நேராகக் கீழே இறங்கினாள். சமதரையில் திரும்பினாள். எனக்கு எதிரே வந்து நின்றாள். நான் சரிவில் உட்கார்ந்திருந்ததால் எங்கள் முகங்கள் ஒரே உயரத்தில் இருந்தன.

"சத்தம் கேட்டுச்சு," என்றாள். "செருப்பை மாட்டறீங்கன்னு நினைச்சேன். என் காது இதுவரைக்கும் தப்பாச் சொன்னதில்ல."

"மோட்டார் நின்னா... பிரேக் பிடிச்சுக்கும்னு..."

"இது லிஃப்ட் இல்லங்க. சரிவுல அதைத் தொடவே கூடாதுன்னு அந்தப் பொண்ணு அன்னிக்கே சொன்னா. நீங்க 'ஆனா' வரைக்கும்தான் கேட்டீங்க."

நாற்காலியின் பக்கப் பைக்குள் கையை விட்டாள். தண்ணீர்ப் புட்டியை எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் ஒரு தாளை எடுத்து மடியில் விரித்தாள். 'தள்ளக்கூடாது'. கீழே இரண்டு கோடு.

புட்டியை மூடினேன்.

"எப்ப எடுத்த?"

"புதன்கிழமை. நீங்க சீப்பு வாங்கப் போனப்ப. நம்ம வீட்ல நாலு சீப்பு இருக்கு."

"அப்ப, சீட் உயரப் போயி தற்செயலா..."

"தற்செயலா? மூக்குக் கண்ணாடி சரிபண்ணிட்டு வந்தீங்களே, அன்னிக்குப் பீரோ மேல் தட்டுல தாள் சரசரத்துச்சு. மையத்துல எந்த நாற்காலி வேணும்னு கேட்டாங்க. பீரோ மேல் தட்டு எட்டற மாதிரி ஒண்ணு குடுங்கன்னேன்."

அவள் தாளை மடித்தாள்.

"முன்னெல்லாம் இந்தச் சரிவுல கீழேருந்து கதவு வரைக்கும் உங்களுக்கு ஒன்பது மூச்சு. போன மழைக்காலத்துல பதினஞ்சு. இப்ப இருபத்துமூணு. நடுவுல ஒரு காக்கா வேற. இல்லாத காக்காவை எத்தனை நாள்தாங்க பாக்கறது?"

"ஏன் என்னைக் கேக்கல?"

"கேட்டா நீங்க பொய் சொல்லணும். நான் நம்பின மாதிரி நடிக்கணும். ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்கும்."

நான் என் கைகளைப் பார்த்தேன். கைப்பிடி அழுத்திய இடம் சிவந்திருந்தது.

"நான் தள்ளலன்னா, நான் எதுக்கும்மா?" என்று கேட்டேன். கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை. வந்துவிட்டது.

"லிஃப்ட்ல ரெண்டு வருஷம் உங்க முதுகைப் பாத்துப் பேசினேன். இப்ப ஏழு வருஷமா நீங்க என் முதுகைப் பாத்துப் பேசறீங்க. முன்னாடி உக்காந்துட்டு, பின்னாடி மூச்சு தேயறதை மட்டும் கேட்டுட்டே போறது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. திரும்பிப் பாக்கவும் முடியாது. இறங்கிக்கவும் முடியாது."

"அதான் தனியாப் பழகினியா? நான் இல்லாத அன்னிக்கு..."

"அந்த நாளைத் தள்ளிப்போடறதுக்குப் பழகினேன்," என்றாள்.

அழுதாள். சத்தமே வரவில்லை. தோள்கூட அசையவில்லை. கண்ணீர் மட்டும் நேராக இறங்கிக் கன்னத்தில் ஓடியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறு வருடமாக நூலகத்துக்குப் போகிற வழியில், என் கைக்கு எட்டுகிற தூரத்தில், எனக்கு வகிடு மட்டும் தெரிய, இவள் இப்படித்தான் அழுதுகொண்டு போயிருப்பாளா? கேட்கவில்லை. பதில் சொல்ல வேண்டியிருந்தால் அவளும் பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

தெருமுனையில் பயிற்சிக்காரி வருவது தெரிந்தது. என் மனைவி புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன சார், சரிவுல உக்காந்திருக்கீங்க?" என்றாள் பயிற்சிக்காரி.

"காக்கா பாக்கறார்," என்றாள் என் மனைவி.

மூன்று முறை ஏறினாள். மூன்று முறை இறங்கினாள். நேராக, மெதுவாக, நடுவில் திரும்பாமல். ஒவ்வொரு முறையும் நான் ஓரமாக நின்று, அவள் மேலே போய்ச் சேரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு பயிற்சிக்காரி கிளம்பும்போது, லிவரைத் தூக்கிய கதையை என் மனைவி சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். சொல்லவில்லை. அதற்கு அபராதமாக மறுநாள் காலை எட்டு மணிக்கே என்னை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். சரியாகச் சொன்னால், அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில் நடந்தேன்.

வரவேற்பு மேசையில் இருந்த அம்மாள் வழக்கம்போல அவளுடைய தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "அம்மாவுக்கு என்ன பண்ணுது?"

"எனக்கு ஒண்ணும் பண்ணல. நோயாளி இவர். நான் கூட வந்தவ," என்றாள் என் மனைவி.

அந்த அம்மாள் இரண்டு முறை எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுப் படிவத்தை நீட்டினாள். பழக்க தோஷத்தில் பேனாவை எடுத்து, 'உடன் வந்தவர் கையெழுத்து' என்ற இடத்துக்குப் போனேன். ஏழு வருடமாக நான் கையெழுத்துப் போடுகிற இடம் அது. என் மனைவி பேனாவை வாங்கிக்கொண்டு, மேலே 'நோயாளி' என்று இருந்த இடத்தைக் காட்டினாள். அவளுடைய கையெழுத்து முடிந்த பிறகுதான் பேனா எனக்குக் கிடைத்தது.

சோதனை அறை அடுத்த கட்டடத்தில். போகிற வழியில் நீளமான ஒரு சரிவு. சீருடை போட்ட ஊழியர் ஒருவர் வந்து என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, "இவர் நடப்பாரா, இல்ல நாற்காலி கொண்டு வரட்டுமா?" என்று கேட்டார். அவளைத்தான் கேட்டார்.

எனக்கும் காது இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நாற்காலி கொண்டாங்க," என்றாள்.

உட்கார்ந்தேன். ஊழியர் பின்னால் போனார். போனதும் காணாமல் போய்விட்டார். அப்படித்தான் இருந்தது. முகம் இல்லை, கை இல்லை. எனக்கு முன்னால் சரிவும், பக்கத்தில் ஒன்றாம் வேகத்தில் ஏறிவருகிற என் மனைவியும் மட்டுமே. பின்னாலிருந்து ஒரு மூச்சு கேட்டது. அப்புறம் இன்னொன்று. யாரும் சொல்லாமலே நான் எண்ணத் தொடங்கியிருந்தேன். ஏழாவது மூச்சு வரும்போது எனக்குக் கண் கலங்கியது. திரும்பிப் பார்க்கலாம் என்றால் முடியவில்லை.

மேலே போய்ச் சேர்ந்ததும் அவள் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள். "எத்தனை?"

"பன்னிரண்டு."

அவள் பின்னால் நின்ற ஊழியரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களைவிடத் தேவலை," என்றாள்.